வம்ச வரலாற்றில் அடித்துவிட்ட பெயர்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் வம்ச வரலாற்றைத் தொகுத்துப் புத்தகமாக்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். முன்னோர் யார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் கட்டுரையில் பேசிய குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி பேசியிருந்தது உறுத்தியது. போதகராக இருந்த முப்பாட்டனார், பள்ளிக்கூடம் நடத்திய தாத்தா, வெளிநாட்டில் பட்டம் வாங்கிய பெரியப்பா. விழுந்தவர், விலகிப்போனவர், கடனாளியாகச் செத்தவர் என்று ஒருவர்கூட அந்தக் குடும்பங்களில் இல்லையா? இருந்திருப்பார்கள். எழுதவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஞாயிறு பள்ளியிலும் பல வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இயேசுவின் முன்னோர் பட்டியல் வரும் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், முதல் 17 வசனங்களைப் பிள்ளைகள் வாசிக்கவே மாட்டார்கள். 'இன்னார் இன்னாரைப் பெற்றான்' என்று போய்க்கொண்டே இருக்கும். பெரியவர்களும் கிறிஸ்து பிறந்த 18-ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் வம்ச வரலாறு எழுத உட்காரும் எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் அந்த 17 வசனங்களை நிதானமாக வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும் என்பேன்.

அந்தப் பட்டியலில் தாய்மார் பெயர் வரவேண்டிய கட்டாயமே இல்லை. யூதா பாரேசைப் பெற்றான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மத்தேயு 'தாமாரினிடத்தில்' என்று சேர்த்து எழுதுகிறார். தாமார் யூதாவின் மருமகள். புருஷனை இழந்தவளை அன்றைய வழக்கப்படி தன் இளைய மகனுக்குக் கட்டிவைக்காமல் யூதா ஏமாற்ற, அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்து மாமனாராலேயே கர்ப்பமானாள். செய்தி தெரிந்ததும் அவளைச் சுட்டெரிக்கச் சொன்னவனும் யூதாதான். அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் அவள் அனுப்பிக் காட்டிய பிறகே, 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று ஒத்துக்கொண்டான். ஆதியாகமம் 38-ஆம் அதிகாரம். இதை எந்தக் குடும்பம் தன் விழா மலரில் போடும்? அடுத்து எரிகோவின் வேசி ராகாப். அதற்கடுத்து ரூத். மோவாபியர் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்ல, அந்த மோவாப் தேசத்துப் பெண் தாவீதுக்குக் கொள்ளுப்பாட்டி.

நான்காவது இடத்தில்தான் எனக்கு எப்போதும் மனம் நின்றுவிடும். பத்சேபாள் என்று பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் தாவீது சாலொமோனைப் பெற்றான் என்று எழுதியிருக்கிறது. யார் இந்த உரியா? ஏத்தியன், அந்நியன். தாவீதின் பராக்கிரமசாலிகள் வரிசையில் பெயர் உள்ள போர்வீரன். அவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜா, அவனைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திச் சாகவிடும்படி சேனாபதி யோவாபுக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினான். உரியாவுக்குப் பிள்ளை இருந்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. கொன்றவனின் வம்சம் ராஜ வம்சமானது. ஆனாலும் ஆயிரம் வருஷம் கழித்து மேசியாவின் வம்சாவளியை எழுதுகிறவர், கொல்லப்பட்டவனின் பெயரைக் கொன்றவனின் பெயருக்கு அடுத்து வைக்கிறார். இயேசுவின் முன்னோர் பட்டியலை வாசிக்கிற ஒவ்வொருவரும் உரியாவின் பெயரையும் உச்சரித்துத்தான் கடந்து போக வேண்டும். இப்படி ஒரு நேர்மையை வேறெந்த ராஜ வம்சாவளியிலும் நான் பார்த்ததில்லை.

வேதம் தெரிந்த ஒருவர் இங்கே என்னை மடக்கலாம்: மத்தேயுவும் சில பெயர்களை விட்டிருக்கிறாரே! உண்மைதான். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்கள் இல்லை. பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று பகுதி அமைக்க வேண்டி அப்படி எழுதினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். எப்படியானாலும், வெட்கத்தை மறைக்க விட்டார் என்று சொல்ல முடியாது. அதற்காக விடுவதென்றால் முதலில் போயிருக்க வேண்டியது தன் மகனையே தீக்கடக்கப் பண்ணின ஆகாஸின் பெயரும், எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பின மனாசேயின் பெயரும். இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

சரி, இனி எங்கள் குடும்பத்துக்கு வருகிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வேதாகமம் என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு நடுவில் உள்ள வெற்றுத்தாள்களில் அவர் கைப்பட எழுதிய பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் உண்டு. அழகான, சற்றே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. தேதி, கிழமை, சில இடங்களில் நேரம்கூட. பிள்ளைகளின் வரிசையில் மூன்றாவது பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோடு இழுத்து அடித்ததாக இருந்தால் பெயரையாவது வாசித்துவிடலாம். இது அப்படியில்லை. பேனா முனையால் திரும்பத் திரும்பக் கீறி, தாளே கிழிந்து, பின்பக்கத்தில் இருந்த யாரோ ஒரு குழந்தையின் ஞானஸ்நானத் தேதியும் சேர்ந்து போயிருக்கிறது. மீதியெல்லாம் அத்தனை நிதானமாக எழுதிய கைதான் இதையும் செய்தது.

அந்தப் பெயருக்கு உரியவர் என் தாத்தாவின் தம்பி. சபைப் பணத்தைக் கையாடினார், சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகு எங்கே போனார், யாரைக் கட்டினார், பிள்ளைகள் இருந்தார்களா, எந்த மண்ணில் அடக்கமானார் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. ஒரு பெயரை அடித்ததில் ஒரு கிளையே எங்களை விட்டுப் போய்விட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் எங்காவது இருக்கலாம். அவர்களும் எங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

வம்ச வரலாறு தொகுக்க நாங்கள் கூடியபோது, இவரைச் சேர்க்கக் கூடாது என்பதில் பெரியவர்கள் உறுதியாக இருந்தார்கள். 'ஆண்டவரே மறந்துவிட்டதை நாம் ஏன் கிளற வேண்டும்?' என்று கேட்டார் என் அண்ணன். கூடவே நோவாவின் கதையையும் எடுத்தார். நோவா குடித்துவிட்டு வஸ்திரம் விலகிக் கிடந்தபோது அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்ன மகன் காமின் வழியில் சாபம் வந்தது, பின்னிட்டு நடந்து தகப்பனை மூடிய மற்ற மகன்கள் சேமும் யாப்பேத்தும் ஆசீர்வதிக்கப்பட்டார்கள், நாம் யார் பக்கம் என்று கேட்டார். பலமான கேள்வி. அன்றைக்கு அறையில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் பல நாள் யோசித்தேன். சேமும் யாப்பேத்தும் செய்தது சரியானது. தகப்பனை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. ஆனால் நோவா குடித்தார் என்ற செய்தியை வேதம் மூடவில்லையே! நீதிமான், தேவனோடே சஞ்சரித்தவன் என்று ஆறாம் அதிகாரத்தில் சொன்ன அதே புத்தகம், ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் கூடாரத்தில் விழுந்து கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறது. அவமானப்படுத்தச் சொல்வதும் உண்மையாக எழுதி வைப்பதும் ஒன்றாகிவிடாது. முதலாவதைச் செய்தவன் காம். இரண்டாவதைச் செய்தது பரிசுத்த வேதாகமம். நாம் இரண்டாவதைச் செய்ய அஞ்ச வேண்டியதில்லை.

இதை என் வாதம் என்று மட்டும் வைத்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வரப் போராடிக்கொண்டிருக்கிற இளைஞன் ஒருவன் எங்கள் குடும்பத்தில் இருக்கிறான். அவன் யார், எனக்கு என்ன உறவு என்பது இங்கே வேண்டாம். அச்சுக்குத் தயாராகி இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'நம்ம வீட்ல எல்லாருமே நல்லவங்களா இருந்திருக்காங்க, நான் ஒருத்தன்தானா இப்படி?' என்று கேட்டான். அவனுக்கு வருத்தம்கூட இல்லை, தனக்குத் தெரிந்த ஒன்று உறுதியாகிவிட்டது போலத்தான் கேட்டான். அவனுடைய முப்பாட்டனாரும் இதே குடியோடு பாதி ஆயுள் மல்லுக்கட்டியவர். பலமுறை விழுந்து எழுந்து, கடைசி வருஷங்களில் தெளிந்து வாழ்ந்து இறந்தவர். நாங்கள் அச்சிடவிருந்த பக்கத்தில் அவர் 'சபையின் மூப்பர்' என்று மட்டும் இருந்தது. அந்தப் பையனுக்கு உண்மையிலேயே உதவியிருக்கக்கூடிய முன்னோர் அவர் ஒருவர்தான். அவரை நாங்கள் வெள்ளையடித்து அவனிடமிருந்து பறித்துவிட்டோம்.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 18-ஆம் அதிகாரத்தை இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் சரியாக வாசித்தேன் என்று சொல்லலாம். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்று பாபிலோன் சிறையிருப்பில் இருந்த ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி அதைச் சொல்லாதீர்கள் என்கிறார் கர்த்தர். பிறகு மூன்று தலைமுறையை உதாரணம் காட்டுகிறார்: நீதியுள்ள தகப்பன், கொடுமைக்காரனான மகன், நல்வழிக்குத் திரும்பும் பேரன். அந்தப் பேரன் எப்படித் திரும்பினான்? தன் தகப்பன் செய்த பாவங்களையெல்லாம் கண்டு, யோசித்து, அப்படிச் செய்யாமல் இருந்தான் என்று 14-ஆம் வசனம் சொல்கிறது. கண்டான் என்பதுதான் முக்கியம். மறைத்து வைத்தால் அவன் எதைக் காண்பான்?

யூதா தேசத்து ராஜாக்கள் கதையும் அப்படியே இருக்கிறது. ஆகாஸ் கெட்டவன். அவன் மகன் எசேக்கியா பயபக்தியுள்ளவன். எசேக்கியாவின் மகன் மனாசே 55 வருஷம் ஆண்டு எல்லா அருவருப்பையும் செய்தான். அவன் மகன் ஆமோன் இரண்டே வருஷம். ஆமோனின் மகன் யோசியா எட்டு வயதில் சிங்காசனம் ஏறி, ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். நல்ல தகப்பனுக்கு நல்ல பிள்ளை, கெட்ட தகப்பனுக்குக் கெட்ட பிள்ளை என்ற கணக்கு எப்போதும் செல்லவில்லை. எசேக்கியாவைப் பற்றி இன்னொன்று. மரணப்படுக்கையில் அழுது ஜெபித்து 15 வருஷம் கூடுதலாகப் பெற்றவன் அவன். பிற்காலத்தில் உன் சந்ததியார் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, என் நாட்களில் சமாதானம் இருந்தால் போதாதா என்கிற விதமாகப் பதில் சொன்னான். எவ்வளவு நல்ல ராஜா! அவனுக்கே தனக்குப் பின்வரும் பிள்ளைகளைப் பற்றிய கவலை அந்த அளவில்தான் இருந்தது. அவன் இறந்தபோது மனாசேக்குப் பன்னிரண்டு வயது. கூடுதலாகக் கிடைத்த அந்த வருஷங்களில் பிறந்த பையன்.

இங்கே இன்னொரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். முன்னோர் செய்த பாவத்தால்தான் உன் வீட்டில் நோய், உனக்குப் பிள்ளையில்லை, உன் மகள் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று சொல்லி, தாத்தா பாட்டியின் குற்றங்களைப் பட்டியல் போடவைத்து, அந்தச் சாபத்தை முறிக்கிறோம் என்று ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்னோரைப் பற்றிய உண்மையை எழுதுங்கள் என்று நான் சொல்வதை இதோடு யாரும் சேர்த்துவிட வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். குடிக்கிற தகப்பனின் வீட்டில் பிள்ளைகள் பயந்து வளர்வதும், அந்தக் காயம் அடுத்த தலைமுறைக்குப் போவதும் கண்ணால் காண்கிற உண்மை. அது விளைவு. குற்றம் பிள்ளையின் தலையில் ஏறாது. பத்துக் கட்டளைகளில் பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பேன் என்று வருவதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் அதே கட்டளையில் அடுத்து வரும் 'ஆயிரம் தலைமுறை' இரக்கத்தை ஏன் இவ்வளவு மெல்லச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மோசேக்கு எதிராக எழும்பிப் பூமியால் விழுங்கப்பட்ட கோராகின் வம்சத்தார்தான் பிற்பாடு ஆலயத்தில் பாடினார்கள். 'மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுமாப்போல' என்ற 42-ஆம் சங்கீதம் கோராகின் புத்திரருடையது என்றே தலைப்பில் இருக்கிறது. தகப்பன் பெயரை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பெயரோடே பாடினார்கள்.

சாமுவேல் தீர்க்கதரிசியையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய மகன்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஜனங்கள் அதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். ஊழியத்தில் வெற்றி, வீட்டில் தோல்வி என்று அத்தோடு நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால் 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்தில், யாரும் வாசிக்காத அந்தப் பெயர்ப் பட்டியலுக்குள், தாவீது நியமித்த பாடகர்களில் முதலாவதாக ஏமான் என்று ஒருவர் வருகிறார். யோவேலின் மகன், சாமுவேலின் பேரன். பரிதானம் வாங்கிய அந்த யோவேலின் மகன்தான். சாமுவேல் அவன் பாடுவதைக் கேட்டாரா என்று வேதம் சொல்லவில்லை. மகனோ மகளோ வழிதவறிப் போய், நம் வாழ்க்கையே வீண் என்று கண்ணீர் விடுகிற தாய் தகப்பன்மாருக்கு இந்த ஒரு வரியை நான் பலமுறை காட்டியிருக்கிறேன்.

அப்புறம் பெண்கள். எங்கள் முதல் பிரதியில் ஆண்களுக்குப் பெயரும் தொழிலும் இருந்தன. பெண்களுக்கு 'மனைவி' என்றும், மகள்களாக இருந்தால் 'பெண்மக்கள் மூவர்' என்றும் இருந்தது. வேதமோ பெண்களின் பெயரை விடவில்லை. மோசேயின் காலத்தில் செலொப்பியாத் என்ற இஸ்ரவேலருக்கு ஆண்பிள்ளை இல்லை. அவருடைய ஐந்து பெண்கள் மோசேயின் முன்னே வந்து நின்று, எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐவர் பெயரும் எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் எழுதும்போதும் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெண்களின் பெயர்தான் சொல்கிறார். தகப்பன் கிரேக்கன் என்று மட்டும் அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து தெரிகிறது.

பெயர்களைத் தேடுகிறவர்கள் பழைய சபைப் பதிவேடுகளைப் பாருங்கள். 1538-ல் இங்கிலாந்தில் ராஜா எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு ஊர்ச் சபையிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய உத்தரவிட்டார். 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கப் பங்குகளில் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. அதுவரை அங்கே பெரும்பாலும் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும்தான் வம்சாவளி. இந்த ஏடுகளால் கூலிக்காரன் மகளுக்கும் ஒரு வரி கிடைத்தது. தகப்பன் பெயர் இல்லாத குழந்தையையும் தாயின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக என் அத்தையைப் பற்றி. அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வம்சாவளி வரைபடத்தில் அவருடைய கட்டத்திலிருந்து கீழே கோடு எதுவும் போகாது. 'கிளை நின்றது' என்று ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் எத்தனையோ பேர் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அவர் மடியில். இரவு விளக்கைத் தணித்துவிட்டு, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். மெதுவாகச் சொல்வார், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் மூச்சு விடும் சத்தம் கேட்கும். தாத்தாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் முடிந்த பிறகு எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பெயரை வைப்பார். யார் அத்தை அது என்று கேட்டால், 'உங்க சின்னத் தாத்தா, எங்க இருந்தாலும் ஆண்டவர் பார்த்துக்கட்டும்' என்பார். வேதாகமத்தில் கீறிக் கிழிக்கப்பட்ட அந்த மூன்றாவது பெயர் எங்களுக்கு இன்றைக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அத்தை ஒருவர்தான் காரணம். பிள்ளைபெற வழியில்லாத அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், குமாரர் குமாரத்திகளைவிட மேலான ஓர் இடத்தையும் அழியாத நாமத்தையும் கொடுப்பேன் என்று ஏசாயா 56-ல் கர்த்தர் சொல்கிறாரே, அது என் அத்தைக்குச் சொன்னது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே, வம்ச வரலாறு தொகுக்கும் குடும்பங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அன்போடு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிள்ளைபெற்றவர், பெறாதவர் எல்லோருக்கும் பெயர் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விழுகையையும் காயத்தையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏற்றாதீர்கள். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. எங்கள் புத்தகத்தின் அச்சு வேலையை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறோம். முப்பாட்டனாரின் பக்கத்தை அந்த இளைஞனே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சின்னத் தாத்தாவின் பெயரைச் சேர்க்க அண்ணன் சம்மதித்துவிட்டார். என்ன வார்த்தைகளில் எழுதுவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி